ஹிப் ஹாப் ஆல்பம் ஒன்றின் ஆண்டு நிறைவைக் கொண்டாடுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்ககத்தின் பொது அறையில், பள்ளி திறப்பதற்கு முன் புதுத் துணி வாங்கப் பணம் சேர்க்க விரும்பிய சிண்டி கேம்பல் என்ற பெண் நுழைவுக் கட்டணம் வைத்து ஒரு விருந்து நடத்தினார். அங்கே இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவருடைய அண்ணன் கூல் ஹெர்க். அந்த நாளைத்தான் ஹிப் ஹாப் பிறந்த நாள் என்று உலகெங்கும் கொண்டாடுகிறார்கள். 2021இல் அமெரிக்க செனட் சபை அந்தத் தேதியை ஹிப் ஹாப் கொண்டாட்ட நாளாக அறிவித்துத் தீர்மானமே நிறைவேற்றியது. தான் பிறந்த தேதியையும் இடத்தையும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லிக்கொள்ளும் இசை வகைகள் மிகக் குறைவு. அதனால்தானோ என்னவோ, ஹிப் ஹாப் ரசிகர்களிடம் ஆல்பங்களின் வெளியீட்டுத் தேதியை நினைவில் வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் கொண்டாடும் வழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

ஆனால் அந்த நாள் வரும்போது பலரும் செய்வது, அட்டைப்படத்தைப் பகிர்ந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவதுதான். ஆண்டு நிறைவு என்பது அந்த ஆல்பத்தை முதல் ஒலியிலிருந்து கடைசி ஒலிவரை, அதை உருவாக்கியவர்கள் வைத்த வரிசையிலேயே, அது எங்கிருந்து வந்தது என்ற அறிவோடு கேட்பதற்கான நாள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஹிப் ஹாப்பில் நான்கைந்து பாடல்கள் மட்டும் கேட்டிருக்கும் ஒருவர், ஏறத்தாழ ஒரு மாதத் தயாரிப்பில் இதை எப்படிச் செய்யலாம் என்பதைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டாக, நாஸ் என்ற ராப் கலைஞரின் முதல் ஆல்பமான ‘இல்மாட்டிக்’கை முழுக்கட்டுரையிலும் கையாளுகிறேன். அது வெளியான நாள் 1994 ஏப்ரல் 19.

முதல் படி: ஒரே ஓர் ஆல்பத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஆண்டின் எந்த வாரத்தை எடுத்தாலும் ஏதாவது ஒரு புகழ்பெற்ற ஹிப் ஹாப் ஆல்பத்தின் ஆண்டு நிறைவு அதில் வரும். எல்லாவற்றையும் கொண்டாட முயன்றால் ஒன்றையும் கேட்டு முடிக்க மாட்டீர்கள். முதல் ஆண்டில் ஒன்று போதும். நீளம் குறைவாகவும், தயாரிப்புப் பின்னணி நன்றாகப் பதிவாகியதாகவும், அதிலுள்ள ஒரு பாடலாவது உங்களுக்கு ஏற்கெனவே பிடித்ததாகவும் இருக்க வேண்டும். இல்மாட்டிக்கில் பத்தே தடங்கள்தான். மொத்தம் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குறுந்தகடுகள் பரவிய தொண்ணூறுகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்ட ராப் ஆல்பங்களே மிகுதி என்பதால், இந்தச் சுருக்கம் புதியவருக்குப் பெரிய வசதி.

பத்து, இருபது, இருபத்தைந்து என்று முழு எண்ணாக வரும் ஆண்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளில் நிறுவனங்கள் சிறப்புப் பதிப்புகளை வெளியிடுகின்றன என்பது உண்மைதான். இல்மாட்டிக்கின் பத்தாம் ஆண்டான 2004இலும் இருபதாம் ஆண்டான 2014இலும் அப்படிப் பதிப்புகள் வந்தன. 2014 மார்ச்சில் வாஷிங்டனின் கென்னடி மையத்தில் தேசிய சிம்பொனி இசைக்குழுவோடு சேர்ந்து நாஸ் அந்த ஆல்பத்தை மேடையேற்றினார். அதே ஆண்டில் ஓர் ஆவணப்படமும் வெளியானது. ஆனால் இவையெல்லாம் இன்றைக்கும் கிடைக்கக்கூடியவை. விளம்பரக் கூச்சல் இல்லாத ஒரு சாதாரண ஆண்டில் அமைதியாகக் கேட்பதே புதியவருக்கு நல்லது.

இரண்டாம் படி: தேதியைச் சரிபாருங்கள்

இந்தப் படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள்; அதனால் தவறான தேதியில் கொண்டாட்டங்கள் நடக்கின்றன. எண்பதுகளின் இறுதிவரை ராப் ஆல்பங்கள் பெரும்பாலும் சிறு நிறுவனங்கள் மூலமாகவே வந்தன. இசைத்தட்டுகள் ஒரு நகரத்துக் கடைக்கு இந்த வாரமும் மற்றொரு நகரத்துக் கடைக்கு அடுத்த வாரமும் போய்ச் சேர்ந்தன. வெளியீட்டு நாளை யாரும் கவனமாகக் குறித்து வைக்கவில்லை. என்.டபிள்யூ.ஏ. குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ 1988 ஆகஸ்டில் வெளியானதாகப் பல ஆண்டுகள் எழுதப்பட்டு வந்தது. பிற்பாடு 1989 ஜனவரி என்ற தேதி முன்வைக்கப்பட்டது. ஒரே ஆல்பத்துக்கு இரண்டு வெவ்வேறு ஆண்டுகள். இதைப் பாராமல் முப்பத்தைந்தாம் ஆண்டு, நாற்பதாம் ஆண்டு என்று கணக்குப் போட்டால் கணக்கே பிழையாகிவிடும்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தொண்ணூறுகளிலும் அதற்கடுத்த காலத்திலும் அமெரிக்காவில் புதிய ஆல்பங்கள் செவ்வாய்க்கிழமைகளில் வெளியாவதே வழக்கம். 2015 ஜூலை 10 முதல்தான் உலகம் முழுவதற்கும் வெள்ளிக்கிழமை என்ற முறை வந்தது. எனவே 1990களைச் சேர்ந்த ஒரு தேதி கிடைத்தால், நாட்காட்டியில் அது என்ன கிழமை என்று பாருங்கள். 1994 ஏப்ரல் 19 செவ்வாய். எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் குழுவின் ‘தி லோ எண்ட் தியரி’ வெளியான 1991 செப்டம்பர் 24ம் செவ்வாய். லாரின் ஹில்லின் ‘தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்’ வெளியான 1998 ஆகஸ்ட் 25ம் செவ்வாய். உங்கள் தேதி ஞாயிற்றுக்கிழமையிலோ வியாழக்கிழமையிலோ விழுந்தால் அது பிழை என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள். ஆனால் அக்காலத்து இசை இதழ்களின் விளம்பரங்களையும் விமர்சனங்களையும் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பில்போர்டு இதழின் பழைய பிரதிகள் பல இணையத்தில் பக்கம் பக்கமாகப் படிக்கக் கிடைக்கின்றன. கலைஞரே ஒரு தேதியைத் தன் ஆல்பத்தின் நாளாகக் கொண்டாடி வந்தால், அதையே ஏற்றுக்கொள்வது நியாயம். டி லா சோல் குழுவின் ‘த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ ஆல்பத்துக்கு மார்ச் 3 என்ற நாள் அப்படி நிலைத்தது.

நாளே தெரியாத ஆல்பங்களுக்கு ஆண்டு போதும். மலேசியத் தமிழர்களான யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ 2006இல் வந்தது என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, உங்களுக்குத் தோதான ஒரு மாலையை அதற்கென ஒதுக்கலாம். ஊகித்த தேதி ஒன்றை எழுதிப் பரப்புவதைவிட அதுவே நேர்மையானது.

தேதியின் கனத்தையும் எண்ணிப் பாருங்கள். ஜே-ஸியின் ‘தி புளூபிரிண்ட்’ வெளியானது 2001 செப்டம்பர் 11, அதே செவ்வாய்க்கிழமை. நியூயார்க் நகரத்தின் கலைஞர் ஒருவரின் மிகச் சிறந்த ஆல்பத்துக்கும், அந்த நகரத்தின் மிகக் கொடிய நாளுக்கும் ஒரே தேதி அமைந்துவிட்டது. அந்த ஆல்பத்தைக் கொண்டாட விரும்புவோர் ஒரு நாள் முன்போ பின்போ வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைப்பேன்.

மூன்றாம் படி: அந்த இடத்தையும் ஆட்களையும் தெரிந்துகொள்ளுங்கள்

ஆண்டு நிறைவுக்கு மூன்று வாரம் முன்பு இதைத் தொடங்கலாம். ஹிப் ஹாப் ஆல்பங்களில் ஊர் என்பது வெறும் பின்னணி அன்று. இல்மாட்டிக்கின் ஊர் குயின்ஸ்பிரிட்ஜ். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், குயின்ஸ்பரோ பாலத்துக்கு அருகே 1939இல் திறக்கப்பட்ட அந்த அரசுக் குடியிருப்பு, வட அமெரிக்காவிலேயே மிகப் பெரிய பொதுக் குடியிருப்பு வளாகம். எண்பதுகளில் தயாரிப்பாளர் மார்லி மார்ல், ராப் கலைஞர் எம்.சி. ஷான் போன்றவர்கள் அங்கிருந்து புகழ்பெற்றார்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்த நாஸ், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவர். 1992இல் அவருடைய நெருங்கிய நண்பர் வில்லி கிரஹாம் சுட்டுக் கொல்லப்பட்டார். இருபது வயதில் வெளியிட்ட ஆல்பத்தில் ஒரு முதியவரின் சோர்வு ஏன் கேட்கிறது என்பதற்கு இந்த விவரங்களே விடை. இசைத்தட்டின் இரு பக்கங்களுக்கும்கூட ‘40ஆம் பக்கம் வடக்கு’, ‘41ஆம் பக்கம் தெற்கு’ என்ற பொருளில் அந்தக் குடியிருப்பின் தெருக்களை நினைவூட்டும் பெயர்களையே வைத்தார்கள்.

அடுத்து, தயாரிப்பாளர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புதியவர்கள் ராப் ஆல்பத்தைப் பாடுபவருடைய படைப்பாக மட்டுமே எண்ணிவிடுகிறார்கள். இசையை அமைத்தவரின் பெயரைக் கேட்டால் திகைக்கிறார்கள். இல்மாட்டிக்கில் டிஜே பிரிமியர், லார்ஜ் புரொஃபசர், பீட் ராக், கியூ-டிப், எல்.இ.எஸ். என்று ஐவர் பங்கேற்றார்கள். அதுவரை ஒரு ராப் ஆல்பத்தின் இசையை ஒரே தயாரிப்பாளரோ ஒரே குழுவோ கவனித்துக்கொள்வதே பெருவழக்கு. ஐந்து தலைசிறந்த தயாரிப்பாளர்கள் ஓர் இளைஞரின் முதல் ஆல்பத்துக்காக ஒன்றுகூடியது, பின்னர் வந்த ராப் ஆல்பங்கள் உருவான முறையையே மாற்றியது. யார் எந்தத் தடத்தை அமைத்தார் என்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால், பிரிமியரின் இறுகிய, வெட்டியெடுத்த பியானோ ஒலிக்கும் பீட் ராக்கின் மென்மையான இழைவுக்கும் உள்ள வேறுபாடு இரண்டே நாளில் காதுக்குப் பிடிபட்டுவிடும்.

பெயர் போடாமல் விடப்பட்டவர்களும் உண்டு. லாரின் ஹில்லின் ஆல்பம் 1999இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. ஹிப் ஹாப் ஆல்பம் ஒன்று அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. அதே ஆல்பத்தில் பணியாற்றிய இசைக்கலைஞர்கள் சிலர், தங்கள் பங்களிப்புக்கு உரிய பெயர் தரப்படவில்லை என்று வழக்குத் தொடுத்து, 2001இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. கொண்டாடும்போது இந்த வரலாற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது அந்த ஆல்பத்தின் பெருமையை எந்த வகையிலும் குறைப்பதில்லை.

நான்காம் படி: வேர்களைக் கேளுங்கள்

என் பார்வையில் இந்த முழு முயற்சியின் இதயம் இந்தப் படிதான். இதற்குக் குறைந்தது பத்து நாள் ஒதுக்குங்கள்.

பழைய இசைத்தட்டுகளிலிருந்து சில நொடிகளை வெட்டியெடுத்து, சுழல விட்டு, வேகம் மாற்றி, மற்றொன்றோடு அடுக்கிப் புதிய இசையாக்குவதைத்தான் சாம்பிள் செய்தல் என்கிறோம். ஒவ்வொரு தடத்திலும் எந்தப் பழைய பாடல் பயன்பட்டிருக்கிறது என்பதை ஆல்பத்தின் உள்ளட்டைக் குறிப்புகளே பெரும்பாலும் சொல்லிவிடும். இல்மாட்டிக்கின் இரண்டாவது தடமான ‘என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்’டில் கேட்கும் இருண்ட பியானோ, ஜோ சேம்பர்ஸ் என்ற ஜாஸ் கலைஞரின் ‘மைண்ட் ரெய்ன்’ என்ற படைப்பில் சில நொடிகள் மட்டும் வரும். மூன்றாவது தடத்தின் அடியில் ஓடுவது கேப் பேண்ட் குழுவின் காதல் பாடல். நான்காவதான ‘தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்’ஸில் அஹ்மத் ஜமால் 1970இல் பதிவு செய்த ‘ஐ லவ் மியூசிக்’கின் பியானோ இருக்கிறது. சிறையிலுள்ள நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களாக அமைந்த ஏழாவது தடம் ‘ஒன் லவ்’வில், கியூ-டிப் தேடியெடுத்த ஹீத் பிரதர்ஸின் 1975ஆம் ஆண்டுப் பதிவு ஒலிக்கிறது. கடைசித் தடத்தில் மைக்கேல் ஜாக்சனின் ‘ஹியூமன் நேச்சர்’.

ஒரு நாளைக்கு ஒரு மூலப் பாடல் என்று வைத்துக்கொண்டு, முதலில் மூலத்தை முழுமையாகவும், அதன் பிறகு ராப் பாடலையும் கேளுங்கள். வரிசையை மாற்றாதீர்கள். ராப் பாடலை முதலில் கேட்டுவிட்டால், மூலத்தில் அந்தச் சில நொடி எப்போது வரும் என்று காத்திருப்பதிலேயே கவனம் போய்விடும். மற்றதெல்லாம் காதில் விழாது. அஹ்மத் ஜமாலின் அந்தப் பதிவு நீண்டு விரியும் பியானோ வாசிப்பு. அதன் பெரும்பகுதியில் பீட் ராக்குக்குத் தேவையான ஒலி இல்லை. ஒரு தயாரிப்பாளர் எவ்வளவு பொறுமையோடு எத்தனை இசைத்தட்டுகளைக் கேட்டிருந்தால் அந்தத் துளி அவர் கையில் சிக்கியிருக்கும் என்பதை, மூலத்தை முழுதாகக் கேட்டவரே உணர முடியும். பாட்டியின் பழைய பட்டுப்புடவையில் கிழியாத ஜரிகைப் பகுதியைக் கண்டு வெட்டிப் பேத்திக்குப் பாவாடை தைப்பவரின் கண் அது.

இன்னொரு வகை வேரும் உண்டு. இல்மாட்டிக்கின் முதல் தடத்தில் பாட்டே இல்லை. 1983இல் வந்த ‘வைல்ட் ஸ்டைல்’ என்ற ஹிப் ஹாப் திரைப்படத்தின் உரையாடலும், 1991இல் மெயின் சோர்ஸ் குழுவின் பாடலொன்றில் நாஸ் முதன்முதலாகப் பாடிய அடிகளும் அதில் கேட்கின்றன. தன் முதல் ஆல்பத்தின் வாசலிலேயே தன் முன்னோரை வரவழைத்து உட்கார வைத்திருக்கிறார் அந்த இளைஞர். மூன்றாவது தடத்தின் இறுதியில் கார்னெட் என்ற ஊதுகருவியை வாசிப்பவர் அவருடைய தந்தை ஓலு தாரா. இதைத் தெரியாமல் ஆல்பத்தைக் கேட்டவர்கள் அந்தக் கடைசி நிமிடத்தைத் தெரிந்துகொண்டு மறுபடி கேட்கும்போது கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

சாம்பிள்களின் சட்டக் கதையையும் சுருக்கமாக அறிந்து வைப்பது நல்லது. 1991 டிசம்பரில், பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞர் அனுமதியின்றிச் சாம்பிள் செய்தது தவறு என்று நியூயார்க் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கிப் பணம் செலுத்த வேண்டிய நிலை உறுதியானது. ஒரே பாடலில் பல பதிவுகளை அடுக்கும் பாணி பெரும் செலவுக்குரியதாகிக் குறைந்துபோனது. டி லா சோல் குழுவின் தொடக்கக்கால ஆல்பங்கள் இத்தகைய உரிமைச் சிக்கல்களால் பல்லாண்டுகள் இணையச் சேவைகளில் கிடைக்கவில்லை. முதல் ஆல்பத்தின் 25ஆம் ஆண்டான 2014இல், பிப்ரவரி 14 அன்று, அக்குழுவினர் தங்கள் பாடல்களை 25 மணி நேரத்துக்கு இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ள ரசிகர்களுக்கு வழங்கினார்கள். கடைசியில் 2023 மார்ச் 3 அன்று அவை சட்டப்படி இணையச் சேவைகளுக்கு வந்தன. குழுவின் மூவரில் ஒருவரான டேவிட் ஜோலிகோர் அதற்கு மூன்று வாரம் முன்புதான் காலமாகியிருந்தார். ஆகவே உங்கள் ஆல்பம் நீங்கள் சந்தா கட்டும் சேவையில் இருக்கிறதா, அதில் எல்லாத் தடங்களும் இருக்கின்றனவா என்பதை முன்னரே பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: சொற்களைப் படியுங்கள்

நியூயார்க்கின் தெருப்பேச்சு, சொற்சுருக்கங்கள், ஆட்பெயர்கள், போதைப்பொருள் வணிகத்தின் குழூஉக்குறிகள் எல்லாம் கலந்த வரிகளை, ஆங்கிலத்தில் நல்ல புலமை உள்ளவரும் ஒரே கேட்பில் பிடித்துவிட முடியாது. வரிகளும் விளக்கங்களும் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. ஒவ்வொரு பாடலையும் முதலில் கண்ணால் படித்து, என்ன நடக்கிறது என்பதைத் தமிழில் நான்கு வாக்கியங்களாகச் சொல்லிப் பாருங்கள். ‘ஒன் லவ்’ அதற்கு மிகப் பொருத்தமானது. சிறைக்குள் இருப்பவனிடம் அவனுடைய குழந்தையைப் பற்றியும், தெருவில் நடந்தவற்றைப் பற்றியும் வெளியில் இருப்பவன் எழுதுகிறான். கடைசிப் பகுதியில் ஒரு சிறுவனைச் சந்திக்கிறான். எதுகை எங்கே விழுகிறது என்பதைப் பென்சிலால் குறியுங்கள். அடியின் முடிவில் மட்டுமன்றி அடிக்கு நடுவிலும் ஒலிகள் ஒன்றையொன்று தேடிப் போவதைக் கண்ணால் கண்டபின், காது அதைத் தவறவிடாது.

இங்கே இரண்டு விஷயங்களைத் தயங்காமல் சொல்ல வேண்டும். முதலாவது, இந்த ஆல்பங்களில் பெண்களை இழிவாகப் பேசும் வரிகளும் வன்முறையும் வசைச்சொற்களும் இருக்கின்றன. அவற்றைக் கவிதை என்று மழுப்பவும் வேண்டாம்; அவற்றுக்காக முழு ஆல்பத்தையும் ஒதுக்கவும் வேண்டாம். கேட்டபின் அதைப் பற்றியும் பேசுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால், அவர்கள் உறங்கிய பிறகு கேளுங்கள். இரண்டாவது, கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தவர்கள் அவர்கள்மீது எறிந்த ஒரு சொல் இப்பாடல்களில் அடிக்கடி வரும். அம்மக்கள் தமக்குள் அதைக் கையாள்வது அவர்கள் உரிமை. நாம் கூடப் பாடும்போது அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அறையில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதைப் பொறுத்து இந்த விதி மாறுவதில்லை.

ஆறாம் படி: அந்த நாள்

நியூயார்க்கில் ஏப்ரல் 19 பிறக்கும்போது இந்தியாவிலும் இலங்கையிலும் அன்று காலை 9.30 மணி. நம் தேதிக்கு 19ஆம் நாள் மாலையில் கேட்டால் இரு ஊர்களின் தேதியும் பொருந்திவிடும்.

தனியாகக் கேட்பவருக்குச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல ஹெட்ஃபோன், அணைத்து வைத்த கைப்பேசி, கையில் வரிகள் அச்சிட்ட தாள், இடையூறில்லாத 40 நிமிடம் ஆகியவை போதும். கைப்பேசியிலிருந்தே கேட்பதானால், பாடல்களை வரிசை மாற்றி ஒலிக்கச் செய்யும் வசதியும், ஆல்பம் முடிந்ததும் வேறு பாடல்களைத் தானாகத் தொடரும் வசதியும் நிறுத்தப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்; இலவசக் கணக்கானால் நடுவே விளம்பரம் வரும் என்பதால் ஆல்பத்தை முன்னரே விலைக்கு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சிறப்புப் பதிப்பு கையில் இருந்தால், கூடுதல் தடங்களை அன்று விட்டுவிடுங்கள். 1994இல் கடைக்குப் போய் வாங்கியவர் கேட்ட அதே பத்துத் தடங்கள்தான் ஆல்பம்.

நண்பர்களோடு கேட்பதாக இருந்தால் நான்கிலிருந்து எட்டுப் பேர்வரை நல்ல அளவு. அதற்கு மேல் போனால் கேட்பது நின்று பேச்சு தொடங்கிவிடும். முதலில் அரை மணி நேரம் வேர்களுக்கு ஒதுக்குங்கள்: நீங்கள் பத்து நாள் கேட்ட மூலப் பாடல்களில் மூன்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு நிமிடம் போட்டுக் காட்டி, யார் பாடியது, எந்த ஆண்டு என்று சொல்லிவிடுங்கள், எந்தத் தடத்தில் அது வரும் என்பதைச் சொல்லாதீர்கள். பிறகு ஆல்பம் ஓடும்போது, பியானோ வந்ததும் ஒருவர் தலை நிமிர்ந்து மற்றவரைப் பார்ப்பார். இந்த மகிழ்ச்சிக்காகவே அந்த ரகசியத்தைக் காக்க வேண்டும். ஆல்பம் ஓடும்போது யாரும் பேசக் கூடாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். ஐந்தாவது தடத்தின் முடிவில், இசைத்தட்டைத் திருப்பிப் போடும் இடத்தில், ஐந்து நிமிடம் இடைவேளை விடலாம்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த இசை தாழ்ந்த சுருதியில் வாழ்கிறது. ‘தி லோ எண்ட் தியரி’ என்ற பெயரே அதைத்தான் சுட்டுகிறது, அந்த ஆல்பத்தின் ஒரு தடத்தில் ஜாஸ் உலகின் மாமேதை ரான் கார்ட்டர் பாஸ் என்ற தாழ்சுருதி நரம்புக்கருவியை நேரடியாக வாசித்திருக்கிறார். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் அந்த அடியொலி முற்றிலும் மறைந்துபோகும். விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. பாஸ் ஒலிக்கும் சாதாரணப் பெட்டி ஒன்று இருந்தால் போதும். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குள் நண்பர்களோடு கேட்க அனுமதி எதுவும் தேவையில்லை. உணவகத்திலோ அரங்கிலோ பொதுமக்களை அழைத்து நடத்துவதானால் உரிமம் வாங்க வேண்டும். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு உரிமம் தனி, அதற்குள் இருக்கும் இசைக்கும் வரிகளுக்கும் உரிமம் தனி. இடத்தின் உரிமையாளரிடம் ஏற்கெனவே அவை இருக்கின்றனவா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏழாம் படி: கேட்டபின்

அன்றிரவே ஒரு பக்கம் எழுதுங்கள். அட்டைப்படத்தைப் பகிர்வதானாலும் இந்தப் பக்கத்தோடு பகிருங்கள். இல்மாட்டிக்கின் அட்டையில் இருப்பது ஏழு வயதுச் சிறுவனான நாஸின் முகம். அதன் மேல் குடியிருப்பின் தெரு படிந்திருக்கிறது. அந்தப் படத்தை மட்டும் பதிவிட்டு ‘காலத்தால் அழியாதது’ என்று எழுதுபவர் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஏழாவது தடத்தில் உங்களுக்குக் கேட்டது என்ன, ஓலு தாராவின் கார்னெட் எந்த நொடியில் நுழைகிறது, எந்த வரியை உங்களால் ஏற்க முடியவில்லை என்று எழுதுபவர் மிகச் சிலர். தயாரிப்பாளர் பெயரை எழுத மறக்காதீர்கள். இயன்றால் ஆல்பத்தை விலை கொடுத்து வாங்குங்கள், அதிலும் கலைஞரின் அல்லது நிறுவனத்தின் சொந்தக் கடையிலிருந்து வாங்குங்கள். புகழ்பெற்ற ராப் ஆல்பங்களின் கள்ளப் பதிப்பு இசைத்தட்டுகள் சந்தையில் ஏராளம்.

மறைந்தவர்களின் ஆல்பமாக இருந்தால் கொண்டாட்டத்தின் தன்மை தானாகவே மாறும். தயாரிப்பாளர் ஜே டில்லாவின் ‘டோனட்ஸ்’ 2006 பிப்ரவரி 7 அன்று, அவருடைய 32ஆம் பிறந்த நாளில் வெளியானது. மூன்று நாள் கழித்து அவர் இறந்தார். பிறந்த நாள், ஆல்பத்தின் நாள், இறந்த நாள் மூன்றும் நான்கு நாட்களுக்குள் அடங்கிவிடுவதால், பிப்ரவரியின் அந்த வாரம் முழுவதையும் அவருடைய ரசிகர்கள் அவருக்கே கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஆல்பத்தில் ராப் வரிகளே இல்லை. 31 தடங்களும் சாம்பிள்களால் ஆனவை. சாம்பிள் செய்ய அவர் பயன்படுத்திய எம்பிசி என்ற கருவியை அவருடைய தாய் வழங்க, அது இன்று வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான்காம் படியில் சொன்ன வேர் தேடலைச் செய்து பழகியவருக்கு இதைவிட நல்ல அடுத்த ஆல்பம் இல்லை.

முதல் ஆண்டு ஒன்றை முடித்தவர் இரண்டாம் ஆண்டில் மூன்றோ நான்கோ வைத்துக்கொள்ளலாம். பிப்ரவரி 7 டோனட்ஸ், ஏப்ரல் 19 இல்மாட்டிக், ஆகஸ்ட் 25 லாரின் ஹில் என்று வைத்தால் இடைவெளி நன்றாக அமையும். நான்காவதாக நவம்பர் 9ஐச் சேர்க்கலாம். 1993இல் அந்த ஒரே செவ்வாய்க்கிழமையில் வூ-டாங் கிளானின் ‘என்டர் தி வூ-டாங்’கும் எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட்டின் ‘மிட்நைட் மராடர்ஸ்’ஸும் வெளியாயின. ஸ்டேட்டன் தீவில் உருவான குழுவின் ஒன்பது பேர் பழைய குங்ஃபூ படங்களின் ஒலிகளோடு கரடுமுரடாக இடிக்கும் ஆல்பம் ஒன்று; குயின்ஸ் இளைஞர்கள் ஜாஸின் இதத்தோடு பேசும் ஆல்பம் மற்றொன்று. இரண்டும் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும். வூ-டாங்கை முதலில் போடுங்கள். மற்றதற்குப் பிறகு அதைக் கேட்டால் அதன் முரட்டு ஒலிப்பதிவு காதுக்குக் குறையாகப் படும், முதலில் கேட்டால் அதுவே பலமாகப் படும்.